தெரு வழக்கம் ஆலைக்குள் செல்லாது

பட்டுக்கோட்டை வட்டாரத்து அரிசி ஆலைகளுக்குள்ளும், கொப்பரைக் களங்களுக்குள்ளும், தென்னை நார்த் தொழிற்கூடங்களுக்குள்ளும் நம் இளைஞர்கள் காமிராவோடு நுழையத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் நுழைவதை நாம் வரவேற்கிறோம். நுழைகின்ற முறையைத்தான் எதிர்க்கிறோம்.

தெருப் புகைப்படக்கலை என்றொரு கலை உண்டு. சந்தையில், பேருந்து நிலையத்தில், கடைத்தெருவில் மனிதர்கள் தம் போக்கில் இருக்கும்போதே, அவர்களை நிறுத்தாமலும் சிரிக்கச் சொல்லாமலும் படம் பிடிப்பது அதன் இலக்கணம். சிறிய காமிரா, அகன்ற பார்வையுள்ள லென்ஸ், இருக்கும் வெளிச்சமே போதும் என்ற மனநிறைவு, கண நேரத்தில் விரலை இயக்கும் பழக்கம் ஆகியவை அதன் கருவிகள். பிரெஞ்சு நாட்டுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் தம் லைக்கா காமிராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு தெருக்களில் திரிந்தார் என்பதை அக்கலையின் மாணவர் எல்லாரும் அறிவர். 1952இல் அவர் வெளியிட்ட நூலின் பிரெஞ்சுத் தலைப்பே, யாரும் அறியாமல் அவசரத்தில் எடுத்த படங்கள் என்ற பொருள்படும். அந்நூல்தான் இன்றளவும் இக்கலைக்குப் பாடநூலாக விளங்குகிறது.

இந்தக் கலையை நாம் பழிக்கவில்லை. மாறாக, வேலை நடக்கும் இடங்களுக்குள் இது வந்தே தீர வேண்டும் என்று வாதாடுகிறோம். ஏன் என்று கேட்பவர்கள் தத்தம் வீட்டு அலமாரியைத் திறந்து பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். நிக்காஹ் படங்கள் இருக்கும். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம் இருக்கும். சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்த படம் இருக்கும். அதில் வாப்பா சலவைச் சட்டை அணிந்து, யாருடையதோ ஆன ஒரு காரின் மீது கை வைத்து நிற்பார். அவர் அங்கே செய்த வேலை என்ன? சமையற்கூடத்தில் நின்றாரா, கிடங்கில் மூட்டை சுமந்தாரா, கடையில் துணி கிழித்தாரா? அதற்கு ஒரு படமும் இராது. உள்ளூரில் இருந்தவர்கள் நிலையும் அதுவே. நாற்பது ஆண்டு மண்டியில் நின்ற பெரியவருக்கு மண்டியில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அதிராம்பட்டினத்திலும் மல்லிப்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும் இப்படி எத்தனை குடும்பங்கள்! உழைத்து நம்மை வளர்த்தவர்களின் உழைக்கும் முகம் நமக்குத் தெரியாது. ஓய்ந்த முகமும் விருந்துக்கு வந்த முகமும் மட்டுமே தெரியும்.

ஆகவே ஆலைக்குள் காமிரா வேண்டும். நிறுத்தி வைத்து எடுக்காத, உள்ளது உள்ளபடி காட்டும் தெருக் கண்ணும் வேண்டும். ஆனால் தெருவில் கற்ற அனைத்தையும் அப்படியே ஆலைக்குள் சுமந்து செல்லலாம் என்று நினைப்பவர்களோடுதான் நமக்கு வழக்கு.

தெருவில் ஒருவர் நம்மைப் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நமக்குப் பிடிக்கவில்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எதிர்ச் சாரிக்குப் போகலாம். "எதுக்குப்பா எடுக்குறே?" என்று கேட்கலாம். தெரு எல்லாருக்கும் உரியது. அங்கே எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் சம நிலையில் நிற்கிறார்கள். அந்தச் சமநிலைதான், கேட்காமல் எடுப்பதற்கு ஓரளவேனும் நியாயம் தருகிறது.

நெல் அவிக்கும் கொட்டகையில் அந்தச் சமநிலை எங்கே? ஊறிய நெல் தொட்டியிலிருந்து அவியலுக்கு ஏறுகிறது. உமி எரியும் கொதிகலனிலிருந்து நீராவி வருகிறது. அவிந்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் துழாவுகின்ற பெண், நீங்கள் காமிராவைத் தூக்கிய மாத்திரத்தில் எதிர்ச் சாரிக்குப் போக முடியுமா? அந்தக் களம்தான் அவருக்கு அன்றைய கூலி. விலகினால் நெல் ஒரு பக்கம் காயும், மறுபக்கம் ஈரமாக நிற்கும். மேற்பார்வையாளரின் குரல் எழும். "எதுக்குப்பா எடுக்குறே?" என்றும் அவர் கேட்க மாட்டார். ஏனென்றால், நீங்கள் முதலாளியோடு பேசிச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்ததை அவர் பார்த்திருக்கிறார். முதலாளியின் விருந்தாளியிடம் கூலிக்காரர் கேள்வி கேட்பதில்லை.

"ஓனரிடம் பெர்மிஷன் வாங்கிவிட்டோமே!" என்று நம் இளைஞர்கள் பெருமையோடு சொல்லும் அந்த அனுமதியின் மதிப்பு இவ்வளவுதான். முதலாளியின் அனுமதி வாசற் கதவைத் திறக்கும். ஒரு மனிதரின் முகத்தைத் திறக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆலை அவருடையது, எந்திரம் அவருடையது, நெல்லும் அவருடையதாக இருக்கலாம். களத்தில் நிற்கும் பெண்ணின் முகம் அவருடையது அன்று. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்த பின்னரே உள்ளே காலெடுத்து வைக்கும் ஒழுக்கத்தைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொள்பவர்கள் நாம். வீட்டைவிட முகம் மலிவானதா?

சட்டமும் இந்தப் பக்கமே நகர்ந்து வந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை செல்வந்தரின் மாளிகைக்கு மட்டும் உரியதென்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. ஆயினும் நாம் சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்ட விரும்பவில்லை. நார்த் தொழிற்கூடத்துப் பெண் எவரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை என்பது எடுப்பவருக்கும் தெரியும். அதனால்தான் பொறுப்பு எடுப்பவர்மீது விழுகிறது.

நம் கருத்தை மறுப்பவர்கள் வரலாற்றை மேற்கோள் காட்டுவார்கள். "மறைந்து எடுத்ததனால்தானே பல கொடுமைகள் உலகத்துக்குத் தெரிந்தன? அமெரிக்காவின் லூயிஸ் ஹைன் ஆலைகளுக்குள் பொய் சொல்லி நுழையவில்லையா?" என்பார்கள். நல்ல கேள்வி. ஹைனின் கதையை முழுவதும் பார்ப்போம்.

1908 முதல் அமெரிக்கத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஹைன் பணியாற்றினார். நூற்பாலைகளிலும் சுரங்கங்களிலும் கண்ணாடித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த சிறுவர் சிறுமியரைப் படம் எடுப்பது அவர் வேலை. முதலாளிகள் விடுவார்களா? பைபிள் விற்பவராகவும், காப்பீட்டு முகவராகவும், எந்திரங்களைப் படம் எடுக்க வந்தவராகவும் தம்மைக் காட்டிக்கொண்டு அவர் உள்ளே போனார். இதுவரை சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போன பின் அவர் என்ன செய்தார்? குழந்தைக்கு எதிரே நேராக நின்றார். அவருடைய காமிரா ஒளித்து வைக்கக்கூடிய அளவினதும் அன்று. பெயர் கேட்டார், வயது கேட்டார், எத்தனை நாளாக வேலை என்று கேட்டார். சட்டைப் பைக்குள் கையை வைத்தபடியே குறிப்பெழுதிக்கொண்டார். தம் கோட்டுப் பித்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதை முன்னரே அளந்து வைத்துக்கொண்டு, எந்தப் பித்தான் வரை குழந்தையின் தலை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டார். அந்தப் படங்களில் குழந்தைகள் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். ஹைன் ஏமாற்றியது முதலாளியை, குழந்தையை அன்று. நம் இளைஞர்கள் செய்வதோ இதற்கு நேர்த் தலைகீழ். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிக் கைகுலுக்கி நுழைகிறார்கள், தொழிலாளியிடம் ஒளிகிறார்கள். ஹைனின் பெயரைச் சொல்ல இவர்களுக்கு என்ன உரிமை?

மறைந்து எடுத்தவர் வேறொருவர் உண்டு. வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், காமிராவைக் கோட்டுக்குள் ஒளித்து, பித்தான்களின் இடைவெளியில் லென்ஸை எட்டிப் பார்க்க வைத்து, சட்டைக் கைக்குள் ஓடிய கம்பியால் அதை இயக்கி எதிரே அமர்ந்த பயணிகளை எடுத்தார். அவருக்கே மனம் ஒப்பவில்லை போலும். அப்படங்கள் நூலாக வெளிவந்தது 1966இல்தான். இன்று நெல் களத்தில் எடுத்த படம் களம் காய்வதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றுகிறது. அந்தப் பெண் ஆலைக்கு வருவது அவர் பெண் கொடுத்த வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கலாம். முந்தானை நழுவிய ஒரு கணத்தில், வியர்வையில் புடவை ஒட்டிய ஒரு கணத்தில், "இயற்கையான" படம் கிடைத்துவிட்டதென்று எடுத்தவர் மகிழலாம். அந்தக் கணத்தின் விலையைக் கொடுப்பவர் யார்?

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக நின்றவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார் ஹூப்பர் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி. எழுந்து போக வலுவில்லாதவர்களின் படங்கள் அவை. ஒரு படத்திலாவது ஒருவருடைய பெயரை அவர் குறித்து வைத்ததாகத் தெரியவில்லை. பஞ்சம் போய்விட்டது. பெயரில்லாப் படங்கள் போகவில்லை.

போட்டிகளுக்குச் செல்லும் படங்களைப் பாருங்கள். "உழைப்பு", "வியர்வை", "பசி" என்று தலைப்பு இருக்கும். எடுத்தவர் பெயர் இருக்கும். காமிராவின் மாடல், லென்ஸின் அளவு, ஷட்டரின் வேகம் அத்தனையும் அச்சாகியிருக்கும். நடுவில் நிற்கும் மனிதரின் பெயர் மட்டும் இராது. காமிராவுக்குப் பெயர் உண்டு, மனிதருக்கு இல்லை! இதைக் கலை என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும் நடுவர்களையும் நாம் குறை கூறுகிறோம். சுருக்கம் விழுந்த முகத்துக்கும் கிழிந்த பனியனுக்கும் பரிசு கொடுத்துக் கொடுத்து, அவற்றைத் தேடி அலையும் ஒரு தலைமுறையை அவர்கள் உண்டாக்கிவிட்டார்கள். பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்து, உழைப்பவரைப் பாடி, 29 வயதில் மறைந்த கவிஞர் கலியாணசுந்தரம் உழைப்பை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் அல்லர். வயலிலும் பிற தொழில்களிலும் கை வைத்தவர். அந்த மண்ணில் இப்படி ஒரு வேடிக்கையா?

"கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு கெட்டுவிடும், எல்லாரும் காமிராவைப் பார்த்து விறைத்து நிற்பார்கள்" என்பது அவர்களின் இறுதி வாதம். இதில் ஓர் உண்மை இருக்கிறது: முதல் அரைமணி நேரம் அப்படித்தான் இருக்கும். அதற்கு மருந்து ஒளிவது அன்று, காத்திருப்பது. தேங்காய் உரிப்பவரை எண்ணிப் பாருங்கள். தரையில் நட்ட இரும்புக் கூரில் காயைக் குத்தித் திருகி மட்டையைப் பிரிக்கிறார். கூலி காய் எண்ணிக்கைக்கு. இரு கையும் வேலையில். கண் கூரின் மேல். நீங்கள் நிற்பது அவருக்குத் தெரியும், சம்மதமும் சொல்லிவிட்டார். ஆனால் உங்களுக்காக விறைத்து நிற்க அவருக்கு நேரமில்லை. வேலையே அவரை உங்களிடமிருந்து மீட்டுக்கொள்கிறது. இரண்டாம் நாள் போனால் நீங்கள் ஒரு தூண். மூன்றாம் நாள், "தேத்தண்ணி குடிச்சியா தம்பி?" என்று கேட்பார். தெருவில் ஒரு கணத்தில் திருட வேண்டியதை ஆலைக்குள் நாளெல்லாம் இருந்து பெறலாம். தெருவில் இல்லாத இந்த வசதியை நம் இளைஞர்கள் ஏன் வீணாக்குகிறார்கள் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

இதே காரணத்தால், "அண்ணே, ஒரு நிமிஷம் இப்படித் திரும்புங்க, காயைத் தூக்கிப் பிடிங்க" என்று நிறுத்தி எடுப்பவர்களையும் நாம் ஒப்பவில்லை. காய்க் கணக்குக்குக் கூலி வாங்குபவரை நிறுத்துவது அவர் பையில் கை விடுவதற்குச் சமம். ஃபிளாஷ் விளக்கோ அதைவிடக் கேடு. கூரிய இரும்பின் முன் குனிந்திருப்பவரின் கண்ணில் திடீர் வெளிச்சம் அடிப்பதைக் கலை என்று சொல்ல முடியாது. கார்த்தியே பிரெஸ்ஸோனும் ஃபிளாஷை வெறுத்தவரே; அவரிடமிருந்து கற்க வேண்டியதை விட்டுவிட்டு, கறுப்பு நாடாவை மட்டும் கற்றுக்கொண்டோம்.

அந்தப் பெருங்கலைஞர் 1960களில் தும்பாவுக்குச் சென்றார். திருவனந்தபுரத்துக்கு அருகே, புனித மரிய மதலேனாள் தேவாலயம் அப்போது இந்திய ராக்கெட் ஏவுதளத்தின் பணிக்கூடமாக மாறியிருந்தது. ராக்கெட்டின் முனைப்பகுதியை ஒரு சைக்கிளின் பின்னிருக்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படம் அந்தப் பயணத்தில் கிடைத்தது. அந்நாளில் அங்கே பணியாற்றிய இளம் பொறியாளர்களுள் இராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர். ஒரு சிறிய தேவாலயத்தையும் சில கொட்டகைகளையும் சேர்ந்தவர்களுக்கு நடுவே ஒரு வெளிநாட்டார் காமிராவோடு நின்றால் அவர் எப்படி மறைய முடியும்? எல்லாருக்கும் தெரிந்தே நின்றார்; படத்தின் இயல்பு கெடவில்லை.

இனித் தொழில் நுணுக்கம். இதிலும் தெருப் பழக்கம் ஆலைக்குள் அப்படியே உதவாது. தெரு வெயிலில் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஷட்டரை ஓட்டலாம். குழல் விளக்குகளின் கீழ் அது நடவாது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஆதலால் பழைய வகைக் குழல் விளக்கும் மலிவான எல்.இ.டி. விளக்கும் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. ஷட்டர் நேரத்தை நூறில் ஒரு பங்கு விநாடிக்கும் கீழே குறைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, கை ஓய்கின்ற கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். எந்த வேலையிலும் அப்படி ஒரு கணம் உண்டு: காய் கூரில் இறங்கிய பின் திருகுவதற்கு முன், மூட்டை தோளில் ஏறிய பின் நடப்பதற்கு முன். அதை அறிய வேலையை அறிய வேண்டும். வேலையை அறியச் செய்பவரிடம் பேச வேண்டும். பார்த்தீர்களா, தொழில் நுணுக்கமும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்து சேருகிறது.

கூரைத் தகட்டின் இடையே பதித்த ஒளி ஊடுருவும் தகடு வழியே இறங்கும் வெளிச்சத்தில் உமித் தூசி மிதக்கும்போது ஆலைக்குள் கிடைக்கும் அழகு எந்தத் தெருவிலும் கிடைக்காது. அதை விரும்பி அங்கேயே நிற்கிறார்கள். ஓடும் பட்டையும் சுழலும் சக்கரமும் பின்னால் இருப்பதை மறந்து, கண்ணைக் காமிராவில் வைத்துக்கொண்டே பின்னோக்கி நடக்கும் தெருப் பழக்கம் அங்கே ஆளைக் கொல்லும். நீராவிக் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் லென்ஸில் ஆவி படியும்; அதைத் துடைத்துத் துடைத்துக் கெடுக்காமல், கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானே விலகும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் பெயராவது கேட்டுக்கொள்ளலாமே!

கேட்டு எடுப்பவர்கள் இல்லாமல் இல்லை. துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்துவரும் பழனிக்குமார் நம் தமிழகத்தவர்தாம். 2017இல் வெளிவந்த "கக்கூஸ்" ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். அவர் படங்களில் வருகிறவர்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, இழந்த கணவனும் வளர்க்கும் பிள்ளையும் உண்டு. உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளின் கையிலேயே காமிராவைக் கொடுத்துக் கற்பிக்கவும் செய்கிறார். இதைவிடக் கடினமான வேலையிடங்கள் ஏது? அங்கே ஒளியாமல் எடுக்க முடிந்ததென்றால், பட்டுக்கோட்டைக் கொப்பரைக் களத்தில் ஏன் முடியாது?

ஒருமுறை தந்த சம்மதம் என்றென்றைக்கும் உரிய அடிமைச் சீட்டும் அன்று. ஜப்பானில் மினமாட்டா ஊரில் ஓர் ஆலை கடலில் கலந்த பாதரசத்தால் உருக்குலைந்த ஒரு மகளை, அவள் தாய் குளிப்பாட்டும் படத்தை 1971இல் யூஜின் ஸ்மித் எடுத்தார். தாயின் முழுச் சம்மதத்தோடு எடுத்த படம். உலகை உலுக்கிய படம். மகள் 1977இல் இறந்தாள். தம் மகள் இனி ஓய்வு கொள்ளட்டும் என்று குடும்பத்தார் விரும்பியபோது, 1990களின் இறுதியில், படத்தின் உரிமை பெற்றிருந்த ஐலீன் ஸ்மித் அதைப் புதிதாக வெளியிடுவதை நிறுத்திக்கொண்டார். அவ்வளவு புகழ்பெற்ற படத்தையே உள்ளே எடுத்து வைக்க ஒருவருக்கு மனம் வந்தது. நம் ஊர் இளைஞரிடம், "தம்பி, அந்தப் படத்தை எடுத்துடுப்பா" என்று ஒரு பெண் வந்து சொன்னால், "ஆயிரம் லைக் வந்திருக்கு அக்கா!" என்பதா விடை? பிறர் முகம் நம் கையில் அமானிதம். திருப்பிக் கேட்டால் திருப்பித் தர வேண்டும்.

போட்டி நடத்தும் சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. உள்ளிடத்தில், வேலை நேரத்தில் எடுத்த படமாயின், விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள் கூடுதலாக இருக்கட்டும். படத்தில் இருப்பவர் பெயர் என்ன? பெயர் வெளியிட வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அதையே எழுதட்டும். அவருக்கு இந்தப் படத்தைக் காட்டினீர்களா? இரண்டுக்கும் விடையில்லாத படத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், பரிசீலிக்காமல் திருப்பி அனுப்பட்டும்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மண்டியில், தையற்கடையில், மல்லிப்பட்டினத்து மீன் ஏலக் கூடத்தில், உணவகத்துப் புரோட்டாக் கல்லின் முன் இன்னும் நின்றுகொண்டிருக்கும் நம் வாப்பாமாரையும் காக்காமாரையும் யாரோ வந்து எடுக்கட்டும் என்று காத்திராதீர்கள். காமிரா வாங்கிக் கேட்கும் பிள்ளையை முதலில் அங்கே அனுப்புங்கள். ஒரு நாள் முழுவதும் எடுக்காமல் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். எடுத்த பின் ஒரு பிரதி அச்சிட்டு, அவர் கையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.